வெளியில் நட்ட மரக்கால் எத்தனை வருஷம் தாங்கும்?

ஈரோடு பக்கம் இரண்டு ஏக்கர் வாங்கியிருக்கிறீர்கள். சுற்றிலும் கம்பி வேலிக்குக் கால் நட வேண்டும், வீட்டு முகப்பில் கொடி படர ஒரு மரப் பந்தலும் வேண்டும். ஆசாரி தேக்கைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள் என்கிறார். பக்கத்துத் தோட்டக்காரர் சவுக்கே போதும் என்கிறார். நிலத்திலேயே இரண்டு வேம்பும் ஒரு தென்னையும் வெட்டுகிற நிலையில் நிற்கின்றன. எந்த மரம் வெளியில் எத்தனை வருஷத்தில் மக்கும், ஒரு பட்டியல் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தேக்குக்குக் கொடுக்கிற காசு மண்ணுக்குள் போய் வீணாகுமா, அல்லது நின்று பலன் தருமா என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று எடுத்துக்கொள்கிறேன். நான் மர விஞ்ஞானம் படித்தவன். மரத்துக்கு மருந்தேற்றும் ஆலையிலும் பிறகு அறுவை மில்லிலும் வேலை பார்த்தேன். பட்டியலும் தருகிறேன். ஆனால் மரத்தின் பெயரை விட, அந்த மரத்தின் எந்தப் பாகம் உங்கள் கைக்கு வருகிறது, நட்ட பிறகு அதில் தண்ணீர் எங்கே தங்குகிறது என்ற இரண்டும்தான் வருஷக் கணக்கை முடிவு செய்கின்றன. அதைச் சொல்லாமல் பட்டியலை மட்டும் கொடுத்தால் அது உங்களை ஏமாற்றிவிடும்.

நிச்சயமாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். மரத்தை மக்கவைப்பது மழையும் அல்ல, வெயிலும் அல்ல, பூஞ்சை. அது பிழைக்க மரமும் காற்றும் இதமான சூடும் ஈரமும் வேண்டும். சூட்டுக்கும் காற்றுக்கும் நம் ஊரில் பஞ்சமில்லை, அதனால் நம்மால் கட்டுப்படுத்த முடிந்தது ஈரம் ஒன்றைத்தான். மரத்தின் உலர்ந்த எடையில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை தலையெடுக்காது. 30 சதவீதத்தை ஒட்டி நாள்கணக்கில் நின்றுவிட்டால் வேலையைத் தொடங்கிவிடும். கூரைக்கு அடியில் கிடக்கும் மரம் பெரும்பாலும் 12, 15 சதவீதத்திலேயே இருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையில் 18-ஆம் நூற்றாண்டு மரவேலை இன்றும் நிற்கிறது என்றால், மரத்தின் தரம் பாதிக் காரணம். நன்றாக நீட்டிவிட்ட ஓட்டுக் கூரையும் இறவாரமும் மீதிக் காரணம்.

வெயிலில் கிடந்து மரம் சாம்பல் நிறமாவதைப் பலர் மக்கல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது மேல்தோலைப் புறஊதாக் கதிர் அரிப்பதால் வருவது. ஊசியிலை மரங்களில்கூட நூறு வருஷத்துக்கு 6 மில்லிமீட்டர் அளவுதான் அப்படித் தேயும், அடர்ந்த மரங்களில் இன்னும் குறைவு. அழகு குறையும், பலம் குறையாது. சாம்பல் பூத்த பந்தலைக் கழற்றி விறகாக்காதீர்கள்.

உண்மையான அழிவு நடக்கிற இடம் மண்மட்டம். பழைய வேலிக்கால் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். முழங்கால் உயரத்தில் ஆணி இறங்காத அளவுக்குக் கெட்டியாக இருக்கும். குழிக்குள் இருந்த அடிமுனையும் பல நேரம் உருப்படியாகவே வரும். நடுவில், மண்மட்டத்திலிருந்து ஒரு சாண் ஆழம் வரை மட்டும், இடுப்பு ஒடுங்கிச் சுற்றிலும் தும்பு தும்பாகக் கழன்றிருக்கும். மேலே ஈரம் இல்லை, ஆழத்தில் காற்று குறைவு, நடுவில் இரண்டும் சேர்ந்து கிடைக்கின்றன. இதே காரணத்தால்தான் முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கிய மரம் மக்காமல் கிடக்கிறது. கிணற்று அடியில் நெல்லிக்கட்டை போடுகிற வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தண்ணீருக்கு ருசி தருகிறது என்பார்கள். அதைப் பற்றிப் பேச நான் ஆளில்லை, ஆனால் கட்டை தலைமுறை தாண்டிக் கிடப்பதற்கு நெல்லி என்ற பெயர் மட்டும் காரணமல்ல, அங்கே பூஞ்சைக்கு மூச்சுவிட இடமில்லை. வெனிஸ் நகரத்துக் கட்டடங்களைச் சேற்றுக்குள் நின்று சுமக்கும் மரக்கால்களின் கதையும் ஏறக்குறைய அதுதான்.

அடுத்தது வைரமும் வெள்ளையும். முதிர்ந்த மரங்களில் பெரும்பாலானவற்றைக் குறுக்கே அறுத்தால் நடுவில் நிறம் ஏறிய வைரமும் சுற்றி வெளுத்த வளையமும் தெரியும். அந்த வெள்ளைதான் உயிரோடு இருந்தபோது தண்ணீர் ஏற்றிய பாகம். மாவும் சர்க்கரையும் அதில்தான் சேர்ந்திருக்கும். மரம் முதிர முதிர உள்ளே இருக்கிற வளையங்களை நிறுத்திவிட்டு, அவற்றில் துவர்ப்பும் பிசினும் வேறு சில சாரங்களும் ஏற்றி மூடிவிடுகிறது, நாம் ஊறுகாயை உப்பும் எண்ணெயும் போட்டுக் காப்பது போல. தேக்கில் டெக்டோகுயினோன் என்ற ஒரு சாரமும், தண்ணீரை ஒட்டவிடாத ரப்பர் போன்ற பொருளும் இருக்கின்றன. தேக்குக்கு இருக்கிற நல்ல பெயரெல்லாம் இவற்றால் வந்தது. ஆனால் இவை வைரத்தில்தான் உண்டு. தேக்கின் வெள்ளை, மாமரத்தின் வெள்ளையைப் போலவே சுருக்கில் மக்கும். இதில் சந்தேகமே இல்லை. உலகத்தில் எந்த மரத்தின் வெள்ளையும் மண்ணில் நிற்காது.

இங்கேதான் மரக்கடையில் பணம் போகிறது. இன்று கிடைக்கிற தேக்கில் பெரும்பகுதி தோட்டத்தில் வேகமாக வளர்த்து இளசிலேயே வெட்டியது, உள்ளூரானாலும் சரி, ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் வருவதானாலும் சரி. மெல்லிய உருளையில் வெள்ளையின் பங்கு அதிகம். இருக்கிற வைரத்திலும் முதிர்ந்த காட்டுத் தேக்கில் உள்ள அளவு சாரம் ஏறியிருக்காது. செட்டிநாட்டு வீடுகளில் நிற்கிற பர்மாத் தேக்கையும், நீங்கள் நாளை வாங்கப்போகும் நாலங்குலச் சட்டத்தையும் ஒரே பெயர் சொல்லி அழைத்தாலும், மண்ணில் இரண்டும் ஒன்றல்ல. சட்டத்தின் ஒரு மூலையில் வெள்ளை ஓடியிருந்தால் சாயம் ஏற்றி மறைத்துக் கொடுப்பதும் உண்டு. இழைப்பதற்கு முன்னால், முனையைப் புதிதாக அறுக்கச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள்.

இப்போது கணக்கு. இந்தியாவில் இதற்கு ஓர் ஒழுங்கான அளவுகோல் இருக்கிறது. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம் பல காலமாகச் செய்துவரும் சோதனையில், 5 சென்டிமீட்டர் சதுரமும் சுமார் 60 சென்டிமீட்டர் நீளமும் உள்ள வைரக் குச்சிகளைப் பாதி மண்ணில் புதைத்துவிட்டு, அவ்வப்போது எடுத்துப் பார்ப்பார்கள். வரிசை வரிசையாகக் குச்சிகள் நிற்பதால் அதற்கு மயானச் சோதனை என்றே பெயர். சராசரியாக 120 மாதமோ அதற்கு மேலோ தாங்கினால் முதல் வகுப்பு, 60-லிருந்து 120 மாதத்துக்குள் என்றால் இரண்டாம் வகுப்பு, 60 மாதத்துக்குக் கீழே மூன்றாம் வகுப்பு. இந்தியத் தர நிர்ணயம் 401-ம் எண் ஆவணத்தில் இந்தப் பிரிவினை இருக்கிறது. தேக்கு, சால், வேங்கை, ஈட்டி, கோங்கு ஆகியவற்றின் வைரம் முதல் வகுப்பு. மா, இலவம் போன்றவை மூன்றாம் வகுப்பு. குச்சி மெல்லியது என்பதைக் கவனியுங்கள். தடிமன் இரட்டித்தால் ஆயுளும் ஏறக்குறைய அந்த விகிதத்தில் கூடும். சோதனை நடந்த மண் வேறு, உங்கள் மண் வேறு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே வகுப்பை ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்படுத்தலாம், வாரண்டியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நீங்கள் கேட்ட மரங்களுக்கு என் அனுபவக் கணக்கு இது. நாலங்குலத் தடிமன், மருந்து ஏற்றாதது, நேராக மண்ணில் நட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சவுக்கு ஒன்றிலிருந்து மூன்று வருஷம். காகிதத்துக்கு வளர்க்கிற இளம் தைலமரமும் அப்படித்தான். மூங்கிலும் ஒன்றிலிருந்து மூன்று, கூரைக்கு அடியில் என்றால் அதற்கு மேலும் சில வருஷம். தென்னையின் வெளிப்புறக் கருத்த பாகம் பார்க்க இரும்பு மாதிரி இருந்தாலும் மண்ணில் இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் நம்ப வேண்டாம். உள்சோறு ஒரு மழைக்காலத்திலேயே பஞ்சாகிவிடும். மா, இலவம், ரப்பர் மரம் மூன்றையும் வெளியில் வைப்பது வீண் வேலை. வேம்பு நடுவாந்தரம். அதன் கசப்பை வைத்து எதுவும் அண்டாது என்று நினைக்கிறோம், பூச்சி விஷயத்தில் அதற்கு ஓரளவு நியாயம் உண்டு, ஆனால் ஈர மண்ணில் தேக்கு வைரத்தோடு அது போட்டி போடாது. முதிர்ந்த பனையின் வெளிவைரம் மிக நன்றாக நிற்கும், உள்சோற்றை முழுக்கச் செதுக்கி எடுத்திருந்தால். தேக்கு, வேங்கை, கருவேலம் ஆகியவற்றின் சுத்த வைரம் பத்து வருஷத்தைத் தாராளமாகத் தாண்டும், வடிகால் நன்றாக இருந்தால் அதன் இரட்டிப்பும் பார்க்கலாம். மியான்மரில் அமரபுரத்து ஊ பெய்ன் பாலம் 1850 வாக்கில் தேக்கிலேயே கட்டியது, இன்றும் ஆள் நடக்கிறார்கள். அங்கேயும் இற்றுப்போன பல கால்களுக்குப் பதில் கான்கிரீட் கால் நட்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பட்டியலில் நீங்கள் சேர்க்காத ஒன்று சீமைக்கருவேலம். ஊரே திட்டுகிற மரம், ராமநாதபுரம் பக்கம் கரி மூட்டத்துக்குப் போகிறது. ஆனால் அதன் பழுப்பு வைரம் துவர்ப்பு நிறைந்தது, மண்ணில் தேக்குக்குச் சளைக்காது. அதன் உறவுக்கார மரமான மெஸ்கீட்டை டெக்சாஸ் மாநிலத்துப் பண்ணையாளர்கள் வேலிக்காலாகவே நட்டு வந்திருக்கிறார்கள். சிக்கல் இரண்டு. ஆறடி நேராக ஒரு கட்டை கிடைப்பது அபூர்வம். மேலே உள்ள மஞ்சள் வெள்ளையை வண்டு சல்லடையாக்கிவிடும், பட்டையையும் வெள்ளையையும் செதுக்கிவிட்டே நட வேண்டும். கைத்தண்டைக்கு மேல் பருமன் இல்லாத கட்டையில் வைரமே பெயரளவுக்குத்தான் இருக்கும். தடித்த கட்டை மலிவாகக் கிடைத்தால் கூச்சப்படாமல் வாங்குங்கள்.

மக்கலோடு கரையானைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மழை குறைந்த செம்மண் காட்டில் மரக்கால் விழுவதற்குப் பூஞ்சையை விடக் கரையானே அடிக்கடி காரணமாக இருக்கும். மேலே மண்பூச்சுக் குழாய், உள்ளே மண் அடைத்த பொந்து என்றால் கரையான். மாவு மாதிரித் தூள் கொட்டி, குண்டூசித் துளைகள் இருந்தால் உளுவண்டு. மரம் வெளுத்து நார் நாராகப் பிரிந்தாலோ, பழுப்பேறிக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாக வெடித்தாலோ பூஞ்சை. நல்ல தேக்கு வைரம் மூன்றையும் சமாளிக்கும், சவுக்கு மூன்றுக்கும் இரை.

அப்படியானால் பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னது தப்பா? முழுக்கத் தப்பல்ல. மருந்து ஏற்றுவதில் விநோதமான ஒரு விஷயம் இருக்கிறது. வைரம் அடைத்துக்கொண்டிருப்பதால் மருந்தை உள்ளே விடாது, வெள்ளை தாராளமாகக் குடிக்கும். ஆகவே வெள்ளையே நிறைந்த சவுக்கு உருளை, அழுத்தக் கொப்பரையில் வைத்து முறையாக மருந்தேற்றிவிட்டால், கடைத் தேக்குச் சட்டத்தை விட அதிகக் காலம் நிற்கும். இருபது வருஷம் எதிர்பார்ப்பது பேராசை அல்ல. உலகம் முழுக்க மின்கம்பங்களை நிற்கவைத்த செம்பு-குரோமியம்-ஆர்சனிக் மருந்தை 1933-ல் டேராடூனில் கண்டுபிடித்தவர் சொண்டி காமேசம் என்ற இந்தியர். அஸ்கு என்ற பெயரில் அது கடல் தாண்டிப் போனது. நம் பாடப் புத்தகங்களில் அவருக்கு ஒரு வரி கொடுத்திருக்கலாம். ஆர்சனிக் இருப்பதால் வீட்டுப் புழக்கத்துக்கு அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டு இறுதியோடு அதை நிறுத்திவிட்டார்கள். ஆர்சனிக் இல்லாமல் போரான் சேர்த்த கலவையும் உண்டு, கேட்டு வாங்குங்கள். எந்த மருந்தேற்றிய மரமாக இருந்தாலும் துண்டு மிச்சத்தை அடுப்பில் போடாதீர்கள், மாட்டுத் தொட்டிக்குச் சட்டமாக வைக்காதீர்கள். வெறும் போராக்ஸ், போரிக் அமிலம் மட்டும் ஊறவைத்தது என்றால் அது உள்வேலைக்குத்தான், மழையில் கரைந்து போய்விடும்.

இனி சந்தேகத்துக்கு உரியவை. நடும் முனையைத் தீயில் கருக்குவது பழைய வழக்கம். கரி மக்காது என்பது உண்மை, ஆனால் சூட்டில் விழும் வெடிப்பு வழியாக ஈரம் உள்ளே போய்விடுகிறது, கரிக்கு உள்ளே இருப்பது அதே பச்சை மரம்தான். பெரிய பலன் எதுவும் நான் கண்டதில்லை. தார் பூசுவது கொஞ்சம் உதவும். காயாத மரத்தில் பூசினால் உள் ஈரத்தை அடைத்துவைத்துக் கெடுதலாகும். பழைய இன்ஜின் ஆயில் பூஞ்சைக்கு விஷமும் அல்ல, உங்கள் மண்ணுக்கு நல்லதும் அல்ல. அமாவாசையில் வெட்டினால் உளுக்காது என்பதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மூங்கிலில் மாவுச்சத்து பருவத்துக்குப் பருவம் கூடிக் குறையும், குறைந்த பருவத்தில் வெட்டினால் வண்டு குறையும். ஓடையிலோ குளத்திலோ சில வாரம் ஊறப்போடுவதும் அந்த மாவைக் கரைக்கத்தான். பருவத்துக்குக் காரணம் இருக்கிறது, திதிக்கு இருப்பதாக நான் பார்த்ததில்லை. அதோடு இதெல்லாம் வண்டைக் குறைக்குமே தவிர மண்ணில் நட்டபின் வரும் மக்கலை நிறுத்தாது.

பந்தல் வேறு கணக்கு. மண்ணைத் தொடாத மரத்துக்கு எவ்வளவு சூடு, மாதத்துக்கு எத்தனை நாள் மழை என்பதே முக்கியம். அமெரிக்க மர நோயியலாளர் ஷெஃபர் 1971-ல் இந்த இரண்டை மட்டும் வைத்தே ஒரு குறியீட்டெண் போட்டார். மழை நாள் குறைந்த ஈரோட்டில் பந்தல் போடுகிறவருக்கு வால்பாறைக்காரரை விட அதிர்ஷ்டம் அதிகம். அந்த அதிர்ஷ்டத்தைக் கெடுப்பது பொருத்துமூலைகள். மரத்தின் முனை பக்கவாட்டை விடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீர் குடிக்கும். கால் தலையும் விட்டத்து முனையும் மேல்நோக்கித் திறந்திருக்கக் கூடாது. சாய்வாக வெட்டுங்கள், அல்லது தகட்டுத் தொப்பி போடுங்கள். காலை நேராகச் சிமெண்டுக்குள் இறக்குவது நம் ஊர் கொத்தனார்களின் பிரியமான தவறு. மரம் சுருங்கியதும் சுற்றிலும் விழும் இடைவெளியில் தண்ணீர் நின்று அந்தச் சிமெண்டே தொட்டியாகிவிடும். சிமெண்டுக் கட்டையில் இரும்பு ஷூ பதித்து, தரையிலிருந்து இரண்டங்குலமாவது உயரத்தில் மரத்தை நிறுத்துங்கள். அப்படிச் செய்தால் பந்தலுக்குத் தேக்கு வைரம் கொடுத்த காசுக்கு நிற்கும். ஆனால் அடர்ந்த கொடி மரத்தை உலரவிடாது. கொடிக்குக் கம்பி தனியாக இழுத்து, விட்டத்துக்கு மேல் ஒரு சாண் இடைவெளி விடுவது நல்லது.

வேலிக்குத் தேக்கு வேண்டாம். மூலைகளிலும் கம்பியை முறுக்குகிற இடங்களிலும் உங்கள் பக்கத்தில் கிடைக்கிற கல்லுக்கால் நடுங்கள், இழுவையை அது தாங்கும். இடையில் மருந்தேற்றிய சவுக்கு போதும். அவசரமில்லை என்றால் கிளுவைப் போத்து நட்டுவிடுங்கள். கொங்கு நாட்டில் தலைமுறையாகச் செய்தது அதுதான், வேர்விட்டுத் துளிர்த்த கால் மக்காது. வேம்பையும் தென்னையையும் அறுத்து மாட்டுக் கொட்டகையின் கூரைச் சட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், மழை படாத இடத்தில் இரண்டும் நன்றாக உழைக்கும்.

நிலத்தில் ஏற்கெனவே நிற்கும் பழைய கால்கள் எதையாவது மிச்சம் பிடிக்கலாமா என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். நீங்கள் போட்ட படத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது, நீங்களே சொல்லிவிடலாம். காலைச் சுற்றி ஒரு சாண் மண்ணைத் தோண்டுங்கள். மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஸ்க்ரூடிரைவரைச் சாய்வாகக் குத்தி நெம்புங்கள். சடக்கென்ற சத்தத்தோடு நீளச் சிம்பாகப் பெயர்ந்தால் மரம் நல்லது. சத்தமில்லாமல் கட்டை கட்டையாக முறிந்தால் உள்ளே போய்விட்டது, மேலே எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும் சரி. சுற்றிலும் ஓர் அங்குலத்துக்கு மேல் போயிருந்தால் மாற்றுங்கள், மேலாக மட்டும் என்றால் சுரண்டிவிட்டு விடலாம். புதுக்கால்களுக்கு ஆர்டர் கொடுக்கும்போது நீளத்தை முன்கூட்டியே அளந்து, அந்த அளவுக்கு அறுத்துத் துளையும் போட்டபிறகே மருந்தேற்றச் சொல்லுங்கள். ஏற்றியபின் அறுத்தால் மருந்து எட்டாத நடுமரம் திறந்துவிடும். வேறு வழியில்லாமல் அறுத்தால், அறுத்த முனையை வானத்தைப் பார்த்து வைத்து, அதில் மருந்தைத் தடவி, மேலே தொப்பி போடுங்கள். அந்த முனை மட்டும் மண்ணுக்குள் போகவே கூடாது.